ஒரே படம், முப்பது வருட ஒத்திகை: சார்லஸ் லாட்டன்

சினிமா பேசுகிறவர்கள் நடுவே சார்லஸ் லாட்டன் பேர் வந்தால், ஒரே மாதிரியான கதை ஒன்று கூடவே வரும். பெரிய நடிகர். வாழ்நாளில் ஒரே ஒரு படம் இயக்கினார். அது ஓடலை. மனசு ஒடிஞ்சு போய், அதுக்கப்புறம் இன்னொரு படம் எடுக்கவே இல்லை. இப்போ அந்தப் படம் உலகத்தின் தலைசிறந்த படங்களில் ஒன்று.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இப்படிச் சொல்லும்போது அந்தப் படம் ஏதோ லாட்டரியில் விழுந்த பரிசு மாதிரி ஆகிவிடுகிறது. முன்னனுபவமே இல்லாத ஒரு நடிகர் திடீரென்று வந்து ஒரு மகத்தான படத்தை எடுத்துவிட்டுப் போய்விட்டார் என்றால், அடுத்த கேள்வி தானாகவே வரும்: அப்போ நிஜமாக எடுத்தது யாரு? ஒளிப்பதிவாளரா? குழந்தைகளை நடிக்க வைத்தது கதாநாயகனா? திரைக்கதையை யார் எழுதினாங்க? லாட்டன் விஷயத்தில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் வதந்திகளே ரொம்ப காலம் பதிலாக இருந்தன.

'தி நைட் ஆஃப் தி ஹன்டர்' (1955) படத்தைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தும்போது எனக்குப் பட்டது இதுதான். அது முன்னனுபவம் இல்லாதவர் எடுத்த படமே அல்ல. அதற்கு முந்தைய பத்து வருடமும் லாட்டன் அந்தப் படத்துக்குத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். பயிற்சி நடந்த இடம் ஸ்டுடியோ இல்லை, அவ்வளவுதான்.

ஹோட்டல்காரர் மகன்

லாட்டன் பிறந்தது 1899 ஜூலை 1, இங்கிலாந்தின் ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில். குடும்பத் தொழில் ஹோட்டல். மூத்த பிள்ளை என்பதால் தொழிலைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர். லண்டனில் கிளாரிட்ஜஸ் ஹோட்டலில் வேலை பழக அனுப்பினார்கள். முதல் உலகப்போரில் படைக்குப் போய், கடைசி மாதங்களில் விஷவாயுத் தாக்குதலுக்கு ஆளாகித் திரும்பினார். வந்து மறுபடியும் ஹோட்டல் கணக்கு.

நாடகப் பள்ளியான 'ராடா'வில் அவர் சேர்ந்தது 1925இல். வயது இருபத்தைந்து. உடல் பருமன், உருண்டை முகம், தடித்த உதடு. கதாநாயகனாக யாரும் நினைத்துப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அடுத்த வருடமே பள்ளியின் தங்கப் பதக்கம் வாங்கி, கோகலின் 'அரசாங்க இன்ஸ்பெக்டர்' நாடகத்தில் தொழில்முறை மேடையேறினார். 1928இல் அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் போய்ரோவை 'அலிபை' என்ற நாடகத்தில் நடித்தார். மேடையில் போய்ரோவாக நடித்த முதல் ஆள் அவர்தான்.

அப்புறம் ஹாலிவுட். 1932இல் 'தி சைன் ஆஃப் தி கிராஸ்' படத்தில் நீரோ. 1933இல் 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி தி எய்த்', அதற்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர். ஆஸ்கர் வாங்கும் அளவுக்கு வளர்ந்த பிறகும் மேடையை விடவில்லை. 1933-34இல் லண்டன் ஓல்டு விக் அரங்கில் ஒரு சீசன் முழுக்க நடித்தார். 1935இல் 'மியூட்டினி ஆன் தி பவுன்டி'யில் கேப்டன் பிளை, 1936இல் 'ரெம்பிராண்ட்', 1939இல் 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ர டாம்' படத்தில் கூனன். வரிசையாக இப்படி.

இந்தப் பட்டியலில் ஒரு காட்சியை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும். 1935இல் வந்த 'ரக்கிள்ஸ் ஆஃப் ரெட் கேப்' ஒரு நகைச்சுவைப் படம். அமெரிக்கச் சிற்றூருக்கு வந்து சேர்ந்த ஆங்கிலேய வேலைக்காரன் வேடம் லாட்டனுக்கு. மதுக்கடையில் பேச்சு வருகிறது: லிங்கன் கெட்டிஸ்பர்கில் என்ன பேசினார்? அங்கே இருக்கிற ஒரு அமெரிக்கனுக்கும் தெரியவில்லை. மூலையில் உட்கார்ந்திருக்கும் வேலைக்காரன் மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோல ஆரம்பிக்கிறான். குரல் ஏறவே இல்லை. கேமரா கேட்கிறவர்களின் முகங்கள்மேல் நகர்கிறது. ஒவ்வொருவராக எழுந்து பக்கத்தில் வருகிறார்கள். ஒரு மனிதன் ஒரு பழைய உரையைச் சொல்கிறான், மற்றவர்கள் கேட்கிறார்கள். அந்தக் காட்சியில் நடப்பது அவ்வளவுதான்.

'கஷ்டமான ஆள்'

நடிகராக லாட்டனுக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. கூட வேலை செய்வது கஷ்டம். பாத்திரம் பிடிபடாதவரை படப்பிடிப்பை இழுத்தடிப்பார், அழுவார், மறுபடி மறுபடி எடுக்கச் சொல்வார்.

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1937இல் பாதியில் நின்றுபோன 'ஐ, கிளாடியஸ்'. இயக்குநர் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க். நொண்டி, திக்குவாய், எல்லோரும் முட்டாள் என்று ஒதுக்கிய ஒருவன் ரோமப் பேரரசன் ஆகும் கதை. லாட்டனுக்குப் பாத்திரம் பிடிபடவே இல்லை. கடைசியில் அவருக்கு வழி காட்டியது ஒரு ஒலிப்பதிவு. மன்னர் எட்டாம் எட்வர்டு முடிதுறந்தபோது வானொலியில் பேசிய பேச்சு. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்தக் குரலில் கிளாடியஸைக் கண்டுபிடித்தார். ஸ்டெர்ன்பெர்குக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. நடிகர் அவருக்கு ஒளியமைப்பில் ஒரு பகுதி. கடைசியில் நாயகி மெர்ல் ஓபரானுக்குக் கார் விபத்து, படம் கைவிடப்பட்டது. எஞ்சிய காட்சிகள் பல வருடம் கழித்து பி.பி.சி. ஆவணப்படம் ஒன்றில் வெளிவந்தன. பார்த்தால் தெரியும், சில நிமிடங்கள் அசாத்தியமாக இருக்கின்றன.

ஒரு நடிகனுக்கு இயக்குநரிடமிருந்து என்ன தேவை, அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை லாட்டன் அனுபவத்தில் தெரிந்துகொண்டார். இன்னொன்று, பாத்திரத்துக்குள் போக அவருக்குக் கதவு முகம் இல்லை, குரல்.

மொழி தெரியாத இரண்டு பேர்

1940களில் சினிமா வாய்ப்புகள் சுமாராகத்தான் இருந்தன. அந்தச் சமயத்தில் ஹிட்லரிடமிருந்து தப்பி கலிஃபோர்னியாவில் வந்து உட்கார்ந்திருந்த ஜெர்மன் நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் அறிமுகமானார். 1944 கடைசியில் இருவரும் பிரெக்டின் 'கலிலியோ' நாடகத்தை ஆங்கிலமாக்க உட்கார்ந்தார்கள்.

வேடிக்கை என்னன்னா, லாட்டனுக்கு ஜெர்மன் தெரியாது. பிரெக்டுக்கு ஆங்கிலம் அரைகுறை. அதனால் பிரெக்ட் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு காட்சியைச் சொல்லி, நடித்தும் காட்டுவார். லாட்டன் அதைத் தன் மொழியில் நடித்துக் காட்டுவார். சரியாக வரும் வரை மாற்றி மாற்றி நடிப்பார். சரியென்று பட்டதும் எழுதிக்கொள்வார். அகராதி வைத்துச் செய்த மொழிபெயர்ப்பு இல்லை இது. ஒரு வரியைச் சொல்லும்போது உடம்பு எப்படி நிற்கிறது என்பதை வைத்துச் செய்தது. பிரெக்ட் இந்த அனுபவத்தைப் பற்றி விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார்.

1947 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸின் கோரனெட் என்ற சின்ன அரங்கில் நாடகம் மேடையேறியது. இயக்கம் ஜோசஃப் லோசி என்று பெயர். ஆனால் பிரெக்டும் லாட்டனும் ஒவ்வொரு அசைவையும் முன்பே முடிவுசெய்து வைத்திருந்தார்கள். அந்த அக்டோபரில் அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு பிரெக்டை அழைத்து விசாரித்தது. அவர் உடனே ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். நியூயார்க்கில் அதே நாடகம் டிசம்பரில் நடந்தபோது எழுதியவர் நாட்டிலேயே இல்லை.

லாட்டனின் வரலாற்றில் 'கலிலியோ'வை வழக்கமாக நடிப்புச் சாதனையாகத்தான் குறிப்பிடுவார்கள். எனக்கு அது இயக்குநர் ஆவதன் முதல் படியாகத் தெரிகிறது. ஒரு பிரதியை வரி வரியாகப் பிரித்து, தேவையில்லாததை வெட்டி, பார்க்கிறவருக்குப் புரியும்படி வரிசைப்படுத்துவது நடிகர் வேலை இல்லை.

முக்காலியும் புத்தகக் கட்டும்

இரண்டாவது படி இன்னும் எளிமையானது. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் லாட்டன் காயம்பட்ட சிப்பாய்கள் இருந்த மருத்துவமனைகளுக்குப் போய்ப் புத்தகம் வாசித்துக் காட்டத் தொடங்கினார். டிக்கன்ஸ், ஷேக்ஸ்பியர், தர்பர், பைபிள். கேட்டவர்கள் இன்னும் வேண்டும் என்றார்கள்.

பால் கிரெகரி என்ற இளம் ஏற்பாட்டாளர் தொலைக்காட்சியில் லாட்டன் பைபிளின் தானியேல் கதையைச் சொல்வதைப் பார்த்துவிட்டு, நேராகத் தேடிப் போனார். இதை ஊர் ஊராகச் செய்தால் காசு வரும் என்றார். வந்தது. கல்லூரி அரங்கு, நகர மண்டபம், உள்ளூர் பள்ளிக்கூடம் என்று அமெரிக்கா முழுக்கச் சுற்றினார் லாட்டன். கையில் ஒரு கட்டுப் புத்தகம், கசங்கிய உடை, அவ்வளவுதான். நம்ம ஊர் கதாகாலட்சேபத்தில் இருந்து பாட்டையும் பின்பாட்டையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுமோ அது. ஒரு ஆள், ஒரு கதை, கேட்கக் கூடியவர்கள்.

1951இல் இருவரும் இதைப் பெரிதாக்கினார்கள். பெர்னார்ட் ஷாவின் 'மேன் அண்ட் சூப்பர்மேன்' நாடகத்தில் மூன்றாம் அங்கத்தை வழக்கமாக விட்டுவிடுவார்கள். ரொம்ப நீளம், வெறும் பேச்சு. லாட்டன் அந்த அங்கத்தை மட்டும் எடுத்து 'டான் ஹுவான் இன் ஹெல்' என்று நடத்தினார். திரைச்சீலை இல்லை, அரங்கப் பொருள் இல்லை. விருந்து உடையில் நாலு பேர், நாலு முக்காலி, முன்னால் பிரதி வைக்கத் தாங்கிகள். சார்ல்ஸ் பாயர், செட்ரிக் ஹார்ட்விக், ஆக்னஸ் மூர்ஹெட், அப்புறம் லாட்டன். சாத்தான் வேடம் லாட்டனுக்கு. கார்னகி ஹாலில் கூட்டம் நிரம்பியது.

1953இல் 'ஜான் பிரவுன்ஸ் பாடி', அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நெடுங்கவிதை. மூன்று நடிகர்கள், ஒரு பாடகர் குழு. குழுவுக்கு இசை அமைத்தவர் வால்டர் ஷூமன். 1954இல் 'தி கெய்ன் மியூட்டினி கோர்ட் மார்ஷல்', ஹென்றி ஃபோண்டா, லாய்டு நோலன் நடித்த நீதிமன்ற நாடகம். இந்த இரண்டிலும் லாட்டன் மேடையேறவில்லை. இயக்கம் மட்டும்.

அதாவது 1954இல் 'முதல் படம்' எடுக்க வந்தபோது லாட்டன் பிராட்வேயில் தொடர்ந்து மூன்று வெற்றிகளை இயக்கியவர். மூன்றுமே, மேடையில் இருந்து எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று பார்த்துச் செய்தவை.

ஒரே பைபிள், இரண்டு கதைசொல்லிகள்

1953இல் டேவிஸ் கிரப் எழுதிய 'தி நைட் ஆஃப் தி ஹன்டர்' நாவலின் உரிமையை கிரெகரி வாங்கினார். மேற்கு வர்ஜீனியாவில் விதவைகளை ஏமாற்றிக் கொன்று 1932இல் தூக்கிலிடப்பட்ட ஹாரி பவர்ஸ் என்பவனின் வழக்குதான் நாவலுக்கு வித்து.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பொருளாதார மந்தக் காலம். பென் ஹார்ப்பர் வங்கியில் 10,000 டாலர் கொள்ளையடித்து, இரண்டு பேரைக் கொன்றுவிடுகிறான். பிடிபடுவதற்கு முன் பணத்தைத் தன் சின்ன மகள் பேர்லின் பொம்மைக்குள் ஒளித்துவிடுகிறான். ரகசியம் பேர்லுக்கும் அண்ணன் ஜானுக்கும் மட்டும் தெரியும். சிறையில் பென்னோடு இருந்தவன் ஹாரி பவல், போதகர் என்று சொல்லிக்கொள்ளும் கொலைகாரன். வெளியே வந்து பென்னின் விதவை வில்லாவைக் கல்யாணம் செய்துகொள்கிறான், கொல்கிறான், குழந்தைகளைத் துரத்துகிறான். அவர்கள் படகில் ஒஹையோ ஆற்றோடு தப்பித்து, ரேச்சல் கூப்பர் என்ற வயதான பெண்மணியிடம் சேர்கிறார்கள்.

பவலாக ராபர்ட் மிட்சம். வில்லாவாக ஷெல்லி வின்டர்ஸ். ரேச்சலாக லிலியன் கிஷ். மௌனப் பட காலத்தில் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் நாயகி. லாட்டன் படம் எடுப்பதற்கு முன் கிரிஃபித்தின் பழைய படங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் போட்டுப் பார்த்தார். நான் எதுக்கு என்று கிஷ் கேட்டபோது லாட்டன் சொன்ன காரணம் பிரபலம்: அந்தக் காலத்தில் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து படம் பார்த்தார்கள், இப்போது பாப்கார்னோடு சாய்ந்து கிடக்கிறார்கள், அவர்களை மறுபடி நிமிர்ந்து உட்கார வைக்கணும்.

இப்போ படத்தின் ஆரம்பத்தைப் பாருங்க. இருட்டு வானம், நட்சத்திரங்கள். நடுவில் கிஷ்ஷின் முகம். குழந்தைகளுக்குப் பைபிள் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கும் குழந்தைகளின் முகங்களும் அதே நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கின்றன. கதை இன்னும் தொடங்கவே இல்லை, ரேச்சல் யார் என்று நமக்குத் தெரியாது. லாட்டன் பத்து வருடமாக ஊர் ஊராகப் போய்ச் செய்ததை அப்படியே முதல் காட்சியாக வைத்திருக்கிறார். வாசிக்கும் ஒருவர், கேட்கும் முகங்கள்.

இதைப் பிடித்துக்கொண்டால் படம் முழுக்கவே வேறு மாதிரி தெரியும். பவலின் விரல்களில் பச்சை குத்திய 'அன்பு', 'வெறுப்பு' எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1989இல் ஸ்பைக் லீ 'டு தி ரைட் திங்' படத்தில் மோதிரங்களாக மாற்றிப் பயன்படுத்தியதும் அதைத்தான். ஆனால் பவல் அந்தக் கைகளை வைத்து என்ன செய்கிறான்? கதை சொல்கிறான். வலது கையும் இடது கையும் மல்லுக்கட்டும் கதை. ஊரே வாயைப் பிளந்து கேட்கிறது. அவனும் பைபிளில் இருந்துதான் எடுத்துப் பேசுகிறான். ரேச்சலிடம் வந்து அதே வித்தையைக் காட்டும்போது மட்டும் அது எடுபடவில்லை. நல்ல கதைசொல்லிக்கு இன்னொரு கதைசொல்லியின் வித்தை தெரியும் இல்லையா.

இன்னும் இரண்டு இடங்கள். படத்தின் முற்பகுதியில், படுக்கையில் தங்கைக்கு ஜான் ஒரு ராஜா கதை சொல்கிறான். ராஜாவைக் கெட்டவர்கள் பிடித்துக்கொண்டு போகும் இடம் வரும்போது, சுவரில் தொப்பி வைத்த ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. பவல் வந்துவிட்டான். கதை அறுந்துபோகிறது. பிற்பகுதியில், ரேச்சல் ஆற்றில் மிதந்துவந்த குழந்தை மோசேயின் கதையைச் சொல்லியிருக்கிறார். அதைத் திரும்பச் சொல்லச் சொல்கிறான் ஜான். ஆனால் அவன் நினைவில் ஆற்றில் வந்தது ஒரு ராஜா இல்லை, இரண்டு பேர். ஒருத்தர்தானே என்று முதலில் சொல்லும் ரேச்சல், ஒரு கணம் யோசித்து, இருக்கலாம், இரண்டு பேராகவே இருக்கலாம் என்று விட்டுக்கொடுக்கிறார். தானும் தங்கையும் ஆற்றில் வந்ததை அந்தப் பையன் கதைக்குள் வைத்துவிட்டான். பெரியவர் அதை அனுமதிக்கிறார். அறுந்துபோன கதை அங்கே மறுபடி தொடங்குகிறது.

பயமுறுத்தும் படம் என்று இதற்குப் பெயர். எனக்கு இது கதை கேட்கும் குழந்தைகளைப் பற்றிய படம். யார் வாயில் இருந்து கதை வருகிறது என்பதைப் பொறுத்து அவர்கள் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது.

யார் எடுத்தது?

இப்போ வதந்திகளுக்கு வருவோம். மூன்று முக்கியமானவை.

ஒன்று, படத்தின் அழகு முழுக்க ஒளிப்பதிவாளர் ஸ்டான்லி கார்டெஸுடையது என்பது. கார்டெஸ் சாதாரண ஆள் இல்லை, ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' (1942) எடுத்தவர். சாய்ந்த கூரை கொண்ட, ஒரு சின்னக் கோயில் மாதிரி ஒளியமைத்த படுக்கையறை, தண்ணீருக்கடியில் கூந்தல் பாசியோடு சேர்ந்து அலையும் வில்லாவின் உடல், எல்லாம் அவர் கை. ஆனால் அதே கார்டெஸ், தான் வேலை செய்த இயக்குநர்களில் ஒளியைப் புரிந்துகொண்டவர்கள் இரண்டே பேர், வெல்ஸும் லாட்டனும் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன இன்னொரு சம்பவம்: வில்லா கொலையாகும் காட்சிக்கு ஒளியமைத்துக்கொண்டிருந்தபோது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று லாட்டன் கேட்டாராம். சிபேலியஸின் சோக வால்ட்ஸ் இசையை என்றாராம் கார்டெஸ். லாட்டன் உடனே வால்டர் ஷூமனை வரவழைத்து, அந்தக் காட்சிக்கு வால்ட்ஸ் மெட்டில் இசை வேண்டும் என்றார். ஆமாம், 'ஜான் பிரவுன்ஸ் பாடி'க்கு இசை அமைத்த அதே ஷூமன். ஒளியை இசையாகக் கேட்கத் தெரிந்த இயக்குநரைத்தான் இதில் பார்க்கிறோம்.

இரண்டு, திரைக்கதை. திரையில் இருக்கும் பெயர் ஜேம்ஸ் ஏஜி. குடிப்பழக்கம் உள்ளவர், 1955 மே மாதம், படம் வெளிவருவதற்கு முன்பே 45 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவர் எழுதிக் கொடுத்தது பயன்படவே இல்லை, லாட்டன் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே எழுதினார் என்று பல காலம் சொன்னார்கள். லாட்டனின் மனைவி எல்சா லான்செஸ்டரே அந்தத் தொனியில்தான் பேசியிருக்கிறார். பிறகு, 2000களில் ஏஜியின் முதல் வரைவு கிடைத்தது. 293 பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் ஐந்து மணி நேரப் படம். நீளம்தான் பிரச்சினை. படத்தில் நாம் பார்க்கும் காட்சிகளில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன. லாட்டன் செய்தது வெட்டி, இறுக்கி, 93 நிமிடத்துக்குக் கொண்டுவந்தது. 'கலிலியோ'வில் பழகிய அதே வேலை. தன் பெயரைத் திரைக்கதையில் அவர் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லணும். லாட்டனை உயர்த்துவதற்காக ஏஜியைக் குடிகாரர் என்று ஒதுக்குவதும், மற்றவர்களை உயர்த்துவதற்காக லாட்டனை ஒதுக்குவதும் ஒரே மாதிரி அநியாயம். இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டார்.

மூன்றாவதுதான் பரவலானது. லாட்டனுக்குக் குழந்தைகளையே பிடிக்காது, படத்தில் ஜானாக வரும் பில்லி சேப்பினையும் பேர்லாக வரும் சாலி ஜேன் புரூஸையும் நடிக்க வைத்தது மிட்சம்தான் என்பது. இதைப் பொய்யாக்கியது சாட்சி சொன்ன மனிதர்கள் அல்ல, படச்சுருள்.

பொதுவாக ஒரு படம் முடிந்ததும் பயன்படாத காட்சிகளை எறிந்துவிடுவார்கள். இந்தப் படத்தின் மிச்சச் சுருள்கள் லாட்டன் வீட்டிலேயே இருந்தன. அவர் போன பிறகு, 1970களில், எல்சா அவற்றை அமெரிக்கத் திரைப்படக் கழகத்திடம் கொடுத்தார். பின்னர் அவை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. அங்கே ராபர்ட் கிட் என்ற காப்பாளர் வருடக்கணக்கில் உட்கார்ந்து எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்தச் சுருள்களை ஒழுங்குபடுத்தி, 2002இல் இரண்டரை மணி நேரத் தொகுப்பாக வெளியிட்டார்.

அதில் என்ன தெரிகிறது? லாட்டன் 'கட்' சொல்வதில்லை. காட்சி முடிந்தாலும் கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் இருந்து அவர் குரல் வருகிறது. அதே வரியை மறுபடி சொல், இன்னும் மெதுவாக, இப்போ பயந்துபோய், இப்போ அண்ணனைப் பார்த்து. சில சமயம் எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தைத் தானே பேசிக் கொடுக்கிறார். சின்னப் பெண்ணுக்கு வார்த்தை தடுமாறும்போது அவசரப்படுத்துவதில்லை. கிஷ், மிட்சம், வின்டர்ஸ் எல்லோருக்கும் இதே முறைதான். படச்சுருள் விலையைப் பற்றிக் கவலைப்படாமல், நடிகருக்கு அந்த வரி பிடிபடும் வரை ஓட விடுகிறார்.

'ஐ, கிளாடியஸ்' படப்பிடிப்பில் ஒரு நடிகனுக்கு எது கிடைக்கவில்லையோ, அதைத்தான் பதினேழு வருடம் கழித்து அவன் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். மிட்சம்கூடப் பின்னாளில் லாட்டனை மிக உயர்வாகத்தான் பேசினார்.

ஏன் இரண்டாவது படம் இல்லை?

1955இல் ஹாலிவுட் தொலைக்காட்சிக்குப் பயந்து அகலத்திரைக்கும் வண்ணத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. லாட்டன் எடுத்தது கறுப்பு-வெள்ளை. ஸ்டுடியோ தொட்டியில் ஆறு, முன்னால் பெரிதாகத் தவளை, முயல், சிலந்தி வலை, பின்னால் சின்னதாகப் படகு. களஞ்சியத்தின் ஜன்னலில் இருந்து தொலைவில் தெரியும் குதிரைக்காரப் பவல் உண்மையில் மட்டக்குதிரைமேல் உட்கார்ந்த ஒரு குள்ள மனிதர், தூரம் அதிகம்போலத் தோன்றுவதற்காக. படம் பார்க்க வந்தவர்களுக்கு இது பயமுறுத்தும் படமா, குழந்தைக் கதையா, மதத்தைக் கிண்டல் செய்வதா என்று பிடிபடவில்லை. விமர்சனங்கள் கலவையாக வந்தன. விநியோகித்த நிறுவனத்துக்கு அதே வருடம் மிட்சம் நடித்த இன்னொரு பெரிய படம் இருந்தது, கவனம் அதன்மேல் போய்விட்டது என்பது தயாரிப்பாளர் கிரெகரியின் ஆதங்கம். எப்படியோ, பணம் திரும்பவில்லை.

அடுத்து லாட்டனும் கிரெகரியும் நார்மன் மெய்லரின் 'தி நேக்கட் அண்ட் தி டெட்' நாவலை எடுப்பதாக இருந்தது. வேலையும் நடந்தது. முதல் படம் விழுந்ததால் அது கைநழுவி, கடைசியில் 1958இல் ரவுல் வால்ஷ் இயக்கத்தில் வந்தது.

லாட்டன் நடிப்புக்குத் திரும்பினார். 1957இல் 'விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்' வழக்கறிஞர், 1959இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் லியர் அரசன், 1960இல் 'ஸ்பார்ட்டகஸ்', 1962இல் 'அட்வைஸ் அண்ட் கன்சென்ட்'. வாசிப்பு நிகழ்ச்சிகளையும் விடவில்லை. அந்த நிகழ்ச்சிகளின் ஒலித்தட்டு ஒன்றுக்கு கிராமி விருது கிடைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1962 டிசம்பர் 15 அன்று புற்றுநோயால் காலமானார்.

படம் தனியாகத் தன் வழியில் போனது. 1992இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2008இல் பிரெஞ்சு இதழ் 'காயே து சினிமா' வெளியிட்ட நூறு படங்களின் பட்டியலில் இரண்டாம் இடம், ழான் ரென்வாரின் 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்' படத்தோடு சேர்த்து.

ஒரே படம் என்பது சோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை விபத்து என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஹோட்டல்காரர் மகன், வாயு தாக்கிய சிப்பாய், மேடை நடிகர், கஷ்டமான ஆள், பிரெக்டின் கூட்டாளி, புத்தகக் கட்டோடு ஊர் சுற்றியவர், எல்லோரும் சேர்ந்து எடுத்த படம் அது.

பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கிட் தொகுத்த அந்த மிச்சச் சுருள்களையும் தேடிப் பாருங்கள். அதிலும் குறிப்பாக, சாலி ஜேன் வசனம் பேசும் பகுதிகள். படத்தில் லாட்டன் ஒரு காட்சியில்கூட வரவில்லை. அங்கே மட்டும், திரைக்கு வெளியே இருந்து, அந்தக் குரல் ஒரு குழந்தைக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பதைக் கேட்கலாம்.